பின்சீட்டில் ஆள் தெரியணும்

"தெரியல!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

முகம்மது அப்சல் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். எறியத்தான் நினைத்தான். எறிந்தால் புதுப் பெயின்டில் பட்டுவிடும் என்பதால் வைத்தான். வண்டியின் பின்சீட்டில் செல்லச்சாமி அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே டீக்கடை வாசலில் அவருடைய மச்சினன் சுடலைராஜ் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"நல்லாப் பாருலே மாப்ள!"

"பாத்துட்டேன் அத்தான். முழங்காலு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

"மூஞ்சி?"

"மூஞ்சி இருக்க எடத்துல தகரம்லா இருக்கு!"

இது மூன்றாவது சீட். மூன்று முறை கட்டி, இரண்டு முறை பிரித்து, அப்சலின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில், லேத் பட்டறைக்கும் சுடலைராஜின் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் இருந்தது அப்சலின் சீட் கடை. ஆட்டோ சீட், டிராக்டர் சீட், சலூன் நாற்காலி, எது வந்தாலும் தைப்பான். இப்போது கடை முன்னால் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் ஒரு நீள வண்டி நின்றது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பு நிறம். நின்றால் கடையின் வாசல் முழுக்க அடைத்துக்கொள்ளும்.

அந்த வண்டியைச் செய்த வெள்ளைக்காரன் ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை. பின்கதவு முடிந்த இடத்தில் ஒன்றேகால் அடி அகலத்துக்குக் கண்ணாடியே வைக்காமல் வெறும் தகடாக விட்டிருந்தான். பின்சீட்டைச் சரியாக அந்தத் தகட்டுக்கு நேராகப் போட்டிருந்தான். உள்ளே சாய்ந்து உட்கார்ந்தால் நமக்கு ரோடு தெரியும். ரோட்டில் நிற்கிறவனுக்கு நம்மைத் தெரியாது. இந்த மாதிரி வண்டியின் சூட்சுமமே அதுதான். அதற்காகத்தான் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் இதை வாங்கினார்கள்.

செல்லச்சாமி அண்ணாச்சிக்கோ ஆள் தெரிய வேண்டும். பூ மார்க்கெட்டில் பெரிய கமிஷன் கடை அவருடையது. சொந்த ஊர் பனவடலிசத்திரம். ஆவணியில் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் இந்த வண்டியில் ஊரைச் சுற்றி வர வேண்டும் என்பதற்காகவே, ஒரு பஞ்சாலை முதலாளியின் பங்களாக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை விலைபேசி வாங்கி, கோயம்புத்தூருக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார். அங்கே பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிற மாரிக்கண்ணன் என்ற இன்ஜினியர் எஞ்சினையும் பாடியையும் ஒரு வருஷம் பார்த்தார். சீட் வேலை மட்டும் தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றதால் வண்டி அப்சலிடம் வந்தது.

அப்சலுக்கு இது வெறும் சீட் இல்லை. ஒன்பது வருஷம் ஷார்ஜாவில், பணக்காரர்களின் வண்டிகளுக்கு உள்வேலை செய்கிற ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் அவன். திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் ரெடிமேட் சீட் கவர் வந்து ஊரை நிறைத்துவிட்டது. டிராக்டர் சீட்டை நம்பி ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்? ஷார்ஜாவிலிருந்து அவனுடைய பழைய முதலாளி, அந்த அர்பாப், விசா தயார் என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாரிக்கண்ணனோ அப்சலின் பழைய வேலைகளைப் போனில் பார்த்துவிட்டு, "பின்சீட்டு ஒரிஜினல் மாதிரியே அமைஞ்சுதுன்னா போட்டோ எடுத்துட்டுப் போறனுங்க. எங்கிட்ட இன்னும் மூணு வண்டி நிக்குது. எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். மூன்று வண்டி வந்தால் ஷார்ஜாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் மனைவி ஹஸ்னா பானு அவனை எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், சோறு போடும்போது சொன்னாள்.

"ஒம்பது வருசமா போன்ல உங்க மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது. கால்ல புண்ணு வந்து ஆறுனதுகூட நீங்க வந்து செருப்பக் கழத்துனப்பதான் எனக்குத் தெரியும்."

அவன் மகள் ஷாஹினுக்கு இப்போது பதினாலு வயது. அவன் திரும்பி வந்த புதிதில் மூன்று மாதம் அவனை "அவங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாப்பா என்று கூப்பிட வைக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

அதனால்தான் இந்த வேலையில் அவனுக்கு அவ்வளவு கவனம். கவனம் கூடினால் தப்பும் கூடும் போலிருக்கிறது. முதல் நாள் அண்ணாச்சி சொன்னது ஒரே வாக்கியம்: "பின்சீட்டுல ஆரு உக்காந்திருக்காகன்னு தெரியணும் பாய்." ஷார்ஜாவில் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாய்மானத்தில் பெயரைத் தங்க ஜரிகையில் தைக்க வேண்டும். அப்சல் பதினோரு நாள் குனிந்த தலை நிமிராமல், கருஞ்சிவப்புத் தோலில் 'தேன்மொழி' என்று தைத்தான். ழியன்னாவின் சுழி மட்டும் ஒன்றரை நாள் எடுத்தது. அண்ணாச்சி வந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"என்னவே இது? பஸ்சுல துண்டு போட்டு எடம் பிடிச்ச மாதிரி பேர எழுதி வச்சிருக்கீரு?"

"நீங்கதான அண்ணாச்சி, ஆருன்னு தெரியணும்னு சொன்னீங்க?"

"பாத்தாத் தெரியணும்வே! படிச்சாத் தெரியணும்னா சொன்னேன்?"

அது போயிற்று. இரண்டாவது சீட்டை அரை அடி உயர்த்திக் கட்டினான். ஆள் தெரியவில்லை, தலை மட்டும் கூரையில் இடித்தது. மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். மூன்றாவதை அரை அடி முன்னால் தள்ளினான். முழங்கால் தெரிந்தது. இதற்கு மேல் முன்னால் தள்ளினால் சீட் தகட்டை விட்டு விலகி, கதவுக் கண்ணாடிக்கு நேராக வந்துவிடும். ஆள் தெரிவார். ஆனால் இந்த அரை அடியைக் கேட்டதற்கே மாரிக்கண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"சீட்டு இருந்த எடத்துலயே இருக்கணுங்க. ஒரு இன்ச் நகந்தாலும் அது ஒரிஜினல் இல்லீங்க."

இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர். நடுவில் அப்சல், மத்தளம் மாதிரி.

சுடலைராஜ் டீக்கடையிலிருந்து திரும்பி வந்து, "இன்னும் ஒரு முக்கால் அடி இழுத்துப் போடும் பாய். சப்ஜாடாத் தெரியும்" என்றான், ஏதோ கட்டிலை இழுத்துப் போடச் சொல்வது போல.

அப்சலுக்கு வந்ததே கோபம். "அப்படி ஊர்க்காரன் பாக்கணும்னா டிராக்டர்ல சேர் போட்டுக் கூட்டிட்டுப் போங்களேன் அண்ணாச்சி! இது மறைஞ்சு உக்காருறதுக்குச் செஞ்ச வண்டி. இதுல ஏறி உக்காந்துக்கிட்டு ஆளு தெரியணும், ஆளு தெரியணும்னா நான் எங்க போவேன்?"

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. சீட்டிலிருந்து இறங்கவும் இல்லை. அந்தத் தகட்டை உள்பக்கமாகத் தடவிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அப்பப் பதினாலு பதினஞ்சு இருக்கும்வே. பூக்கூடையத் தலையில வச்சுக்கிட்டு பஸ்சுக்கு நிப்போம். மில்லு மொதலாளியோட இதே வண்டி வரும். வந்தா கூடைய எறக்கி வச்சிட்டுக் கும்பிடணும். உள்ள மொதலாளி இருக்காகளா இல்லையான்னு தெரியாது. தெரியாதுங்கதுனாலயே எல்லாத் தடவையும் கும்பிடுவோம். ஒருநா எங்க முன்னாலயே டயரு பஞ்சராகி நின்னுட்டு. நாங்க கும்பிட்ட கையை எறக்காம நிக்கோம். டிரைவரு எறங்கிப் பின்கதவத் தொறந்து ஜாக்கியை எடுத்தான். உள்ள ஈ காக்கா இல்லவே. பின்சீட்டுல ஒரு மூடை தவிடு இருந்துச்சு. மாட்டுத் தவிடு. எத்தன நாளு தவிட்டுக்குக் கும்பிடு போட்டோமோ, ஆரு கண்டா?"

சுடலைராஜ் சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"எம்மவ இதுல போகும்போது ஒருத்தனும் கும்பிட வேண்டாம். இந்தா போறது செல்லச்சாமி மவதான்னு பாத்தாப் போதும். அவ்வளவுதான் நான் கேக்கது."

அதற்குப் பிறகு அந்த மனிதரிடம் கோபப்படுவது கஷ்டமாகிவிட்டது. அதுவே அப்சலுக்கு இன்னொரு எரிச்சல். கோபமாவது மிச்சம் இருந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். சீட் முழுவதையும் ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றினான். சட்டத்தைத் தரையில் பிடிக்க நாலு போல்ட். பழைய இடத்தில் போல்ட் ஓட்டைகள் இருந்தன. முன்னால், நடுவில் இருந்த இரண்டு மடக்கு சீட்டுகளைக் கழற்றினால் அங்கேயும் ஓட்டைகள் இருந்தன. புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். நாலு போல்ட்டைக் கழற்றிப் பழைய ஓட்டையில் மாட்டினால் சீட் பின்னால் போகும். முன் ஓட்டையில் மாட்டினால் முன்னால் வரும். மடக்கு சீட்டையும் திருப்பி வைக்கலாம். எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை. சனிக்கிழமை மாரிக்கண்ணன் வரும்போது சீட் அதன் பழைய இடத்தில் இருக்கும். படம் பிடித்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை முன்னால் இழுத்துவிடலாம். திங்கட்கிழமை கல்யாணம். எவ்வளவு சுலபம்! இதை முதலிலேயே யோசிக்காத தன் தலையில் தானே தட்டிக்கொண்டான்.

அண்ணாச்சியிடம் மட்டும் இந்த விவரத்தைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்குத்தான் என்றாலும் பின்னால் தள்ளப்போகிறேன் என்று சொன்னால் மனுஷனுக்குத் தவிட்டு மூடை ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தான். அங்கேதான் தப்புப் பண்ணினான்.

வியாழக்கிழமை சீட்டை முன்னால் வைத்து மாட்டினான். தேன்மொழியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். சுடலைராஜ் டீக்கடை வாசலுக்கு ஓடினான்.

"தெரியுது அத்தான்! கம்மலு தெரியுது! பல்லு தெரியுது!"

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தது. அண்ணாச்சி ரோட்டைக் கடந்துபோய், மச்சினனைத் தள்ளிவிட்டு, தானே அந்த இடத்தில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து அப்சலின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து வாரத்தில் முதல் தடவையாக அப்சலுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து சீட்டைப் பின்னால் தள்ளுவதாகத் திட்டம். தொழுதுவிட்டுத் தெரு திரும்பும்போதே தீய்ந்த வாடை வந்தது. தொப்பியைக் கழற்றாமலே ஓடினான். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து சுடலைராஜ் பின்பக்கமாக இறங்கினான். கையில் வெல்டிங் ராடு, நெற்றியில் கறுப்புக் கண்ணாடி, முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வாரும் பாய். தொட்டுப் பாத்தேன், லேசா ஆடிச்சு. எட்டு எடத்துல பத்த வச்சிட்டேன். இனி லாரி வந்து இடிச்சாலும் சீட்டு அசையாது."

தோல் கருகிவிடக் கூடாதென்று சீட்டின் மேல் ஈரச்சாக்கை வேறு பக்குவமாகப் போர்த்தியிருந்தான். அதைப் பார்த்ததும்தான் அப்சலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெடுதல் நினைத்துச் செய்தவனை அடிக்கலாம். இவனை என்ன செய்ய?

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "நாந்தான் வைக்கச் சொன்னேன். நாலு போல்ட்ட நம்பிப் பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வைக்க முடியுமா?" என்றார்.

அப்சல் கத்தினான். சனிக்கிழமைத் திட்டம், மூன்று வண்டி, ஷார்ஜா விசா எல்லாவற்றையும் சேர்த்து, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினான். லேத் பட்டறையின் சத்தம்கூட நின்றுவிட்டது. அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"இத நீரு சொல்லலியேவே. சொன்னாத்தான எனக்குத் தெரியும்?"

அப்சல் வண்டிக்குள் ஏறினான். குனிந்து பார்த்தான். வெட்டி எடுக்கவும் வழியில்லை. வெட்டினால் பொறி பறந்து தோலும் கூரைத் துணியும் பாழாகும். அதோடு, பழைய தரைத் தகடு சூடு தாங்காமல் இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

மாரிக்கண்ணன் சொன்னபடி சனிக்கிழமை காலையில் கேமராவோடு வந்து இறங்கினார். தையலைத் தொட்டுப் பார்த்தார். "ஓரத்துல இந்த மாதிரி பைப்பிங் நான் பார்த்ததே இல்லீங்க அப்சல் பாய்" என்றார். பட்டன் குழிகளை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் சீட் இருந்த இடத்தைப் பார்த்தார். மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்தார். எழுந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"அந்தத் தரைத் தகட்டை நான் மூணு மாசம் தட்டித் தட்டி நேராக்குனனுங்க. அதுல வெல்டு வெச்சுட்டீங்களே."

அப்சல் விளக்கம் சொன்னான். அண்ணாச்சியும் "தப்பு எம்மேலதான் சார், பாய் மேல இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாரிக்கண்ணன் இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. கடைசியில், "வண்டிய ஒரு ஆளு பொறுப்புல விடறப்ப எனக்கு நம்பிக்கை வேணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கல்யாணத்துக்குப் போவதில்லை என்று அப்சல் வீட்டில் படுத்துக்கொண்டான். ஹஸ்னாதான் விடவில்லை. "நீங்க தச்சதை நாங்க பாக்க வேண்டாமா?" என்று ஷாஹினையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு ரதவீதிக்கு வந்தாள். வண்டி மெதுவாக வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அண்ணாச்சி, ரோட்டைப் பார்க்காமல் பின்னாலேயே திரும்பிப் பார்த்தபடி வந்தார். பின்கதவுக் கண்ணாடியில் தேன்மொழி உச்சி முதல் மடி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தாள். பூ மார்க்கெட்டில் மூடை தூக்குகிறவர்கள் "ஏ தேனு! இங்கன பாரு!" என்று கத்தினார்கள். அவள் கையை ஆட்டினாள். ஒருத்தரும் கும்பிடவில்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று அப்சலுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததும் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

மாதக் கடைசியில் அர்பாப் கூப்பிட்டார். அப்சல் வருவதாகச் சொன்னான். ஹஸ்னா அடுப்பை அணைத்துவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ஷாஹின் அன்றைக்கு முழுவதும் அவனை வாப்பா என்றும் கூப்பிடவில்லை, அவங்க என்றும் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம். கிளம்புகிற அன்று காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தெருவை அடைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு வண்டி நின்றது. மாலை போடாத குறை.

"மலை ஏத்தம் இதுக்கு ஆகாது. தென்காசி வரைக்கும் இதுல வாரும். அங்கன டாக்சி நிக்கும்" என்றார் செல்லச்சாமி அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. பஸ்சுல போய்க்கிடுதேன்."

"ஏன்வே? ஊர விட்டுப் போறது ஆருன்னு தெரியாண்டாமா?"

அவர் கண்ணைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. பெட்டியை அவரே தூக்கி வைத்தார். அப்சல் தான் தைத்த சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தான். ஒரு பக்கம் ஹஸ்னா, நடுவில் ஷாஹின். சீட் மெத்தென்று இருந்தது. முதுகுக்கு எங்கே எவ்வளவு வேண்டுமோ அங்கே அவ்வளவு இருந்தது. அண்ணாச்சி டிரைவரிடம், "ஊர ஒரு சுத்து சுத்தி மெதுவாப் போடே, ஊரு பாக்கட்டும்" என்றார்.

கடைத்தெரு தாண்டுகிற வரைக்கும் அவன் சமாளித்துவிட்டான். தன் கடையின் பூட்டிய ஷட்டர் கண்ணில் பட்டதும், ஷாஹின் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா" என்றாள். அவ்வளவுதான். அணைக்கட்டு திறந்த மாதிரி ஆகிவிட்டது. முகத்தை எங்காவது மறைக்க வேண்டுமே என்று பின்னால் சாய்ந்தான். இன்னும் சாய்ந்தான். மறைத்துக்கொள்ளத் தோதான அந்தத் தகடு ஒன்றேகால் அடி பின்னால் இருந்தது. காலை ஊன்றி முதுகால் தள்ளிப் பார்த்தான். எட்டு இடத்தில் வைத்த பற்று, இம்மிகூட அசையவில்லை. பெரிய மனிதர்கள் எதற்காக இந்த வண்டியை இப்படிச் செய்யச் சொன்னார்கள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. லேத் பட்டறைக்காரர், பரோட்டாக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எதிரே டீக்கடை வாசலில் சுடலைராஜ் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, ரெண்டு கையையும் உயரத் தூக்கி ஆட்டினான்.

"தெரியுது பாய்! நல்லாத் தெரியுது!"